காவிரிப் படுகையின் இயற்கைத் தாவரச் சமுதாயங்களை வகைப்படுத்தும் முறை: முழுமையான வழிகாட்டி

காவிரியின் கழிமுக நிலத்தை நெல் வயலாக மட்டுமே எண்ணிப் பழகிவிட்டோம். ஆனால் கல்லணையில் காவிரியும் வெண்ணாறும் பிரிந்து, பல கிளையாறுகளாகி, கடலைச் சேரும் வரை, ஏர் படாத நிலங்களும் இடையிடையே இருந்துகொண்டே வருகின்றன. கொள்ளிடத்து மணல்திட்டு, ஊர்க் குளம், கோயிலைச் சுற்றிய காடு, முத்துப்பேட்டையின் சேற்றுக்கரை, கோடியக்கரையின் மணல்மேடு ஆகிய ஒவ்வொன்றிலும் அங்குள்ள நீருக்கும் உப்புக்கும் ஏற்ற செடிகள் கூட்டமாக வாழ்கின்றன. அந்தக் கூட்டமே தாவரச் சமுதாயம். அதைப் பிரித்தறிய இரண்டு கேள்விகள் போதும்: அங்கே ஓங்கி நிற்கும் இனம் எது, அது நிற்கும் வாழிடம் எத்தகையது? தாவரவியல் மாணவர்களும், ஊராட்சிகளில் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிப்போரும் இந்தக் கேள்விகளுக்கு அளந்து விடை காணும் வழியைக் கீழே தருகிறேன்.

இரண்டில் ஒன்றை விட்டுவிட்டாலும் வகைப்பாடு பயனற்றதாகிவிடும். வேதாரண்யம் உப்பளத்து ஓரத்திலும், ஆற்றுக்கரையிலும், வற்றிய ஏரியின் தரையிலும் சீமைக்கருவேல் ஓங்கி நிற்பதைக் காணலாம். ஓங்கு இனத்தை மட்டும் பார்த்தால் மூன்றும் ஒன்று. மண்ணின் உவர்ப்பும் நீர் நிற்கும் காலமும் அடியில் வளரும் சிறு செடிகளும் மூன்றிலும் வேறு. வாழிடத்தை மட்டும் பார்த்தால் அலையாத்திக் காட்டையும் அதன் பின்னே உமரி எனும் உவர்நிலச் செடி படர்ந்து கிடக்கும் தரையையும் ஒரே உவர்நிலமாக எழுதிவிட நேரும். டெல்டாவைப் பொறுத்தவரை வாழிடத்தை முதலில் வரையறுத்து, அதற்குள் ஓங்கு இனத்தைத் தேடுவதே சரியான வரிசை என்பது என் உறுதியான கருத்து. இந்தச் சமவெளியில் ஒரு சாண் உயர வேறுபாடே நீரையும் உப்பையும் மாற்றிவிடுகிறது. செடிகள் அதற்குப் பின்னரே வருகின்றன.

முதல் படி: எதை வகைப்படுத்துவது, எதை விடுவது

மனிதர் நட்டு வளர்த்தவை இயற்கைச் சமுதாயங்கள் ஆகா. கடற்கரையோரச் சவுக்குத் தோப்பு, தென்னந்தோப்பு, படுகையில் வைத்த மூங்கில் கொல்லை ஆகியவற்றை வரைபடத்தில் குறித்துக்கொண்டு ஒதுக்கிவிடலாம். மருதம், நெய்தல் என நிலத்தையும் செடியையும் சேர்த்து நோக்கும் திணை மரபு நமக்கு உண்டு. ஆயினும் மருதத்தின் பெரும்பகுதி வயல் என்பதால் இந்த வேலைக்கு அந்தப் பகுப்பு மிகவும் அகலமானது.

கடினமான முடிவு நடுவில் உள்ளவற்றைப் பற்றியது. அயல் இனங்கள் தாமாகப் பரவி நிற்கும் இடங்களும், வனத்துறை கால்வாய் வெட்டி மீட்டெடுத்த அலையாத்திப் பரப்புகளும் முற்றிலும் இயற்கையானவை என்று சொல்ல முடியாதவை. ஆனால் அங்கே இப்போது யாரும் பயிரிடுவதில்லை. இவற்றை ‘பாதி இயற்கை’ என்று தனிக் குறியிட்டுப் பட்டியலில் சேர்க்க வேண்டும். விட்டுவிட்டால் டெல்டாவின் இன்றைய நிலை மறைந்துபோகும்.

இரண்டாம் படி: வரைபடம், பருவம், அனுமதி

செயற்கைக்கோள் படத்தில் நிறமும் இழையமைப்பும் மாறும் இடங்களைக் கோடிட்டுத் தற்காலிகத் துண்டுகளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு துண்டையும் நேரில் பார்த்த பின்பே அது ஒரு சமுதாயமா, இரண்டா என்று தெரியும்.

பருவத்தைத் தேர்ந்தெடுக்கும்போது மழையோடு மேட்டூரையும் கணக்கில் கொள்ள வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 அன்று திறக்கப்பட்டு ஜனவரி 28 அன்று மூடப்படுகிறது. எனவே ஒரே குளம் ஜனவரியில் அல்லியும் வேலம்பாசியும் நிறைந்த நீர்நிலையாகவும், மே மாதத்தில் நீராரையும் கோரையும் படர்ந்த ஈரத்தரையாகவும் தோன்றும். இவை இரண்டு சமுதாயங்கள் அல்ல, ஒரே சமுதாயத்தின் இரண்டு பருவ முகங்கள். ஆகையால் ஒவ்வொரு துண்டையும் குறைந்தது இரு முறை, அதாவது மழை ஓய்ந்த பின் ஜனவரி, பிப்ரவரியில் ஒரு முறையும் கோடையில் ஒரு முறையும் பார்க்க வேண்டும். அணை திறப்பு தள்ளிப்போன ஆண்டாக இருந்தால் அதையும் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

கோடியக்கரை 1967 முதல் காட்டுயிர்ச் சரணாலயம். 2002 இல் பன்னாட்டு ஈரநில உடன்படிக்கையின் கீழ் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது. முத்துப்பேட்டையின் அலையாத்திப் பரப்பும் காப்புக்காடு. இரண்டிலும் வனத்துறையின் அனுமதி இன்றி அளவெடுப்பதோ செடியைப் பறிப்பதோ கூடாது.

மூன்றாம் படி: வாழிடத்தை வரையறுத்தல்

இதுதான் பொறுமையாகச் செய்ய வேண்டிய படி. துண்டின் நடுவில் நின்று நீர், உப்பு, மண், உயரம் ஆகிய நான்கையும் பதிவு செய்யுங்கள்.

நீரைப் பொறுத்தவரை, அது எங்கிருந்து வருகிறது, எத்தனை மாதம் நிற்கிறது, எவ்வளவு ஆழம் என்ற மூன்றும் வேண்டும். ஆழத்தை ஒரு கழியால் அளந்துவிடலாம். எத்தனை மாதம் நிற்கிறது என்பதை அங்கே மாடு மேய்ப்பவர்களிடமும் மீன்பிடிப்பவர்களிடமும் கேட்பதே நல்லது. மரத்தண்டில் படிந்த வண்டல் கோடும் வெள்ளம் ஏறிய உயரத்தைக் காட்டும். கடலோரமாயின் ஓதம், அதாவது கடலின் ஏற்றவற்ற நீர், நாள்தோறும் ஏறுகிறதா, பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி மட்டும் எட்டுகிறதா, புயலின்போது மட்டுமா என்று அறிய வேண்டும். இக்கரையில் ஓத ஏற்றவற்றத்தின் வீச்சு ஒரு மீட்டருக்கும் குறைவு என்பதால், சிறு மேடுகூட ஓதநீர் தொடாத இடமாகிவிடுகிறது.

உப்பை அளக்க மண்ணின் மின்கடத்துதிறன் உதவும். நீர் ஊற்றி நிறைவித்த மண்ணிலிருந்து பிரித்தெடுக்கும் நிறைநிலைச் சாற்றில் ஒரு மீட்டருக்கு 4 டெசிசீமென்ஸுக்கு மேல் இருந்தால் அது உவர்மண். மண்ணும் நீரும் 1:2.5 என்ற விகிதத்தில் கலந்த கரைசலில் அளந்தால் அதே மண் குறைந்த எண்ணைத் தரும். ஆகவே எந்த முறையில் அளந்தது என்று எழுதாத எண்ணை வேறு எண்ணுடன் ஒப்பிடவே கூடாது. மழைக்குப் பின் உப்பு கரைந்து குறைவதால் கோடைக்கால அளவே செடியின் எல்லையைச் சரியாக உணர்த்தும்.

மண்ணின் தன்மைக்கு ஈரமண்ணை உள்ளங்கையில் உருட்டிப் பார்ப்பதே போதும். கயிறாகத் திரிந்தால் களி, உருண்டை நின்று கயிறு உடைந்தால் வண்டல், உருண்டையே நில்லாவிட்டால் மணல். பழைய டெல்டாவின் வண்டலும் களியும், வல்லத்தை ஒட்டிய மேட்டுச் செம்மண்ணும் வேறு வேறு செடிகளுக்கு இடம் தருவதை இதனாலேயே புரிந்துகொள்ளலாம்.

இந்த நான்கையும் வைத்து டெல்டாவின் வாழிடங்களை ஆறாகப் பிரிக்கலாம்: ஓதம் ஏறும் சேறு, ஓதம் அரிதாகத் தொடும் உவர்த்தரை, கடல்முன் மணல், பழைய மணல்மேடும் உள்நாட்டு மேட்டுநிலமும், ஆற்றுப்படுகையும் கரையும், நன்னீர் தேங்கும் குளம், ஏரி, பள்ளம். இந்த ஆறு வகைகளுக்குள் அடங்காத துண்டு கிடைத்தால் வலிந்து அடக்காமல் ஏழாவதாக எழுதுங்கள்.

நான்காம் படி: மாதிரிக் கட்டங்களை இடுதல்

மரங்களுக்கு 10 மீட்டர் பக்கமுள்ள சதுரமும், அதற்குள் புதர்களுக்கு 5 மீட்டர் சதுரமும், சிறுசெடிகளுக்கு 1 மீட்டர் சதுரமும் பொதுவாகப் போதும். கட்டத்தை இரு மடங்காக்கும்போது புதிய இனங்கள் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தால் கட்டம் சிறியது என்று பொருள். கட்டம் முழுவதும் ஒரே வாழிடத்துக்குள் இருக்க வேண்டும்; பாதி கரையிலும் பாதி நீரிலும் விழுந்த கட்டம் எதையும் சொல்லாது.

கழிமுகத்திலும் கடற்கரையிலும் நீரோரத்திலிருந்து உள்ளே செங்குத்தாக ஒரு கோடு இழுத்து, அக்கோட்டின் மேல் இடைவெளி விட்டுக் கட்டங்களை வையுங்கள். அங்கே சமுதாயங்கள் நீரோரத்துக்கு இணையான பட்டைகளாக நிற்பதால், கண்போன போக்கில் வைத்த கட்டங்கள் குறுகிய பட்டைகளைத் தவறவிட்டுவிடும். டெல்டாவின் வடகோடியில் உள்ள பிச்சாவரத்தில் கால்வாயோரமாகச் சில மீட்டர் அகலத்துக்கு மட்டும் முட்டுவேர் ஊன்றிய சுரபுன்னைகள் நிற்கின்றன. அதன் பின்னே வெண்கண்டல் என்ற அலையாத்தி மரம், அதற்கும் பின்னே உமரி. முதல் பட்டை எவ்வளவு குறுகியதாக இருந்தாலும் அது தனிச் சமுதாயமே.

ஐந்தாம் படி: இனங்களைச் சரியாக அடையாளம் காணல்

ஊர்ப்பெயர்களைக் கட்டாயம் கேட்டு எழுதுங்கள். ஆனால் அவற்றோடு நின்றுவிடாதீர்கள். ஆகாயத்தாமரை என்ற பெயரில் பிஸ்டியா, ஐக்கார்னியா என்ற இரு வேறு மிதக்கும் செடிகளும் சுட்டப்படுகின்றன. நாணல் என்பது சக்காரம் ஸ்பான்டேனியமாகவும் இருக்கலாம், பிராக்மைட்டஸாகவும் இருக்கலாம். உமரி என்ற பெயரில் சுவேடா மரிட்டிமா, சுவேடா மோனோய்கா, சாலிகார்னியா மூன்றும் வந்துவிடும். பூவோ காயோ உள்ள கிளையை அழுத்தி உலர்த்தி, திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் உலர்தாவரகம் போன்ற இடத்தில் உள்ள மாதிரிகளோடு ஒப்பிட்டு உறுதி செய்வது நல்லது. தில்லை மரத்தின் கிளையை ஒடிக்கும்போது அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கக்கூடும். கையுறையும் கண்ணாடியும் இன்றி அதைத் தொட வேண்டாம்.

ஆறாம் படி: ஓங்கு இனத்தை அளத்தல்

எண்ணிக்கையில் மிகுந்தது ஓங்கு இனம் என்று பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஓங்கு இனம் என்பது அந்த அடுக்கின் ஒளியையும் இடத்தையும் நீரையும் பெருமளவு தன்வசம் வைத்திருக்கும் இனம். அதை மரம், புதர், சிறுசெடி ஆகிய அடுக்குகள் ஒவ்வொன்றிலும் தனித்தனியே காண வேண்டும்.

மரங்களுக்குத் தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் சுற்றளவை அளந்து, அந்த எண்ணின் வர்க்கத்தை 12.57 ஆல் வகுத்தால் தண்டின் குறுக்குவெட்டுப் பரப்பான அடித்தளப் பரப்பு கிடைக்கும், 94 செ.மீ. சுற்றளவுள்ள மரத்துக்கு இது ஏறத்தாழ 703 சதுர செ.மீ. வெண்கண்டலில் ஒரே தூரிலிருந்து பல தண்டுகள் எழும். அவற்றைத் தனித்தனியே அளந்து கூட்டுங்கள். சுரபுன்னையில் மேல் முட்டுவேருக்கு 30 செ.மீ. மேலே அளக்க வேண்டும். பின்னர் ஒவ்வோர் இனத்துக்கும் சார்பு அடர்த்தி (மொத்த மரங்களில் அதன் பங்கு), சார்பு நிகழ்வெண் (எல்லா இனங்களும் வந்த கட்டங்களின் எண்ணிக்கையைக் கூட்டிய தொகையில் அதன் பங்கு), சார்பு அடித்தளப் பரப்பு (மொத்த அடித்தளப் பரப்பில் அதன் பங்கு) ஆகிய மூன்று விழுக்காடுகளைக் கூட்டினால் முக்கியத்துவ மதிப்பு வரும். எல்லா இனங்களின் மதிப்பும் சேர்ந்து 300 ஆக வேண்டும்.

இந்த மதிப்பை மட்டும் நம்பினால் எங்கே தவறும் என்பதற்குக் கற்பனையான எடுத்துக்காட்டு ஒன்று தருகிறேன். ஒரு வறண்ட பசுமைமாறாக் காட்டில் 10 கட்டங்களில் மூன்று இனங்கள் கிடைத்தன எனக் கொள்வோம். பாலை 24 மரங்கள், 8 கட்டங்களில், 18,000 சதுர செ.மீ.; காயா 60 மரங்கள், 10 கட்டங்களில், 6,000 சதுர செ.மீ.; நாவல் 16 மரங்கள், 2 கட்டங்களில், 6,000 சதுர செ.மீ. பாலைக்கு 24, 40, 60 சேர்ந்து 124. காயாவுக்கு 60, 50, 20 சேர்ந்து 130. நாவலுக்கு 16, 10, 20 சேர்ந்து 46. கூட்டிப் பார்த்தால் காயா முந்துகிறது. ஆனால் மேற்கவிகையாக விரிந்து நிழல் தருவது பாலை. காயா அதன் நிழலில் மெல்லிய தண்டுகளாக நெருங்கி நிற்கிறது. அடுக்கு அடுக்காகக் கணக்கிட்டால் மேலடுக்கில் பாலையும் கீழடுக்கில் காயாவும் ஓங்குகின்றன. முக்கியத்துவ மதிப்பு ஓர் அடுக்குக்குள் ஒப்பிடுவதற்கே உரியது. இதை விட்டுவிட்டு எழுதப்படும் ஆய்வேடுகளில் காட்டின் உருவமே தலைகீழாகிவிடுகிறது.

புல், கொடி, நீர்ச்செடி ஆகியவற்றில் எது ஒரு செடி, எது அதன் கிளை என்று பிரிக்க முடியாது, எண்ணவே முயலாதீர்கள். தரையை அவை மூடும் பரப்பைத் தாவரவியலாளர் பிரவுன்-பிளாங்கே வகுத்த அளவுகோலில் பதியுங்கள்: 5 விழுக்காட்டுக்குக் குறைந்தால் 1, 5 முதல் 25 வரை 2, 25 முதல் 50 வரை 3, 50 முதல் 75 வரை 4, அதற்கு மேல் 5. ஒருவரே எல்லாக் கட்டங்களையும் மதிப்பிடுவது நல்லது. இருவராயின் முதல் சில கட்டங்களைச் சேர்ந்து பார்த்து ஒத்துக்கொள்ளுங்கள்.

ஓர் அடுக்கின் மூடுபரப்பில் பாதிக்கு மேல் ஓர் இனம் வைத்திருந்தால் அது ஓங்கு இனம். எதுவும் பாதியை எட்டாமல் இரண்டு இனங்கள் தலா 30 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் அவை இணை ஓங்கு இனங்கள். எதுவுமே எட்டாவிட்டால் ‘கலப்பு’ என்று எழுதத் தயங்க வேண்டாம். ஆற்றுக்கரைகளில் நீர்மருது, புங்கம், நாவல் கலந்து நிற்கும் துண்டுகள் பலவும் அப்படித்தான் அமையும்.

ஏழாம் படி: பெயரிடுதல்

பெயரில் மூன்று உறுப்புகள் வேண்டும்: ஓங்கு இனங்கள், தோற்ற வடிவம், வாழிடம். ஒரே அடுக்கின் இனங்களுக்கு இடையே சிறுகோடும், அடுக்கு மாறும் இடத்தில் சாய்கோடும் இடுவது அமெரிக்காவின் தேசியத் தாவர வகைப்பாட்டில் உள்ள வழக்கு. தோற்ற வடிவத்துக்கு இந்திய வன அளவைத் துறையின் பிரிவுகளைக் கையாளலாம்: கவிகை, அதாவது மரங்களின் தலைப்பகுதி மூடும் பரப்பு, 70 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் மிக அடர்காடு, 40 முதல் 70 வரை நடுத்தர அடர்காடு, 10 முதல் 40 வரை திறந்த காடு, அதற்குக் கீழே புதர்நிலம். மேற்கண்ட எடுத்துக்காட்டுக் காடு பழைய மணல்மேட்டில் நிற்கிறது, அதன் கவிகை 40 முதல் 70க்குள் உள்ளது எனக் கொண்டால், அதன் பெயர் ‘பாலை / காயா நடுத்தர அடர்காடு, பழைய மணல்மேடு’ என்றாகும்.

1968 இல் வனவியலாளர்கள் சாம்பியனும் சேத்தும் வகுத்த இந்தியக் காட்டு வகைப்பாட்டில் கோடியக்கரைக் காடு வெப்பமண்டல வறண்ட பசுமைமாறாக் காட்டிலும், அலையாத்திக் காடு கடலோர, சதுப்புக் காடுகளிலும் அடங்கும். அந்தப் பெரும்பிரிவையும் பெயரின் அருகே எழுதிவைத்தால் பிற மாவட்டங்களோடு ஒப்பிட எளிதாகும். குளங்களுக்கும் மணல்திட்டுகளுக்கும் அதில் போதிய உட்பிரிவுகள் இல்லை. அங்கே நம் பெயரே போதும்.

டெல்டாவில் எதிர்பார்க்கத்தக்க சமுதாயங்கள்

பாமணியாறு, கோரையாறு முதலிய கிளையாறுகள் வந்து சேரும் முத்துப்பேட்டைக் கழியில் அவிசெனியா மரைனா எனும் வெண்கண்டல் ஏறக்குறைய தனியாட்சி செய்கிறது. இலைவழியே உப்பை வெளியேற்றியும் சேற்றுக்கு மேல் மூச்சுவேர்களை நீட்டியும் வாழும் இம்மரம், பிற கண்டல்கள் தாங்காத உவர்ப்பையும் தாங்கும். தில்லையும் நரிக்கண்டலும் அங்கங்கே தொகுதிகளாகக் கலக்கின்றன. அத்தொகுதிகளை வெண்கண்டல் காட்டோடு கரைத்துவிடாமல் தனிக் கட்டங்களில் பாருங்கள். கடந்த காலத்தில் மொத்தமாக வெட்டப்பட்ட இடங்களில் தரை உலர்ந்து தாழ்ந்து, தேங்கிய ஓதநீர் ஆவியாகி உப்பு மிகுந்ததால் கண்டல் மீண்டும் முளைக்கவில்லை. மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி ஓதநீர் வந்துபோக வழிசெய்த பிறகே அங்கே மரங்கள் எழுந்தன. உவர்த்தரையில் உமரி ஓங்கியிருப்பதைக் கண்டால், அது இயல்பான உமரிப் பட்டையா, இழந்த கண்டல் காட்டின் தரையா என்று பழைய வரைபடத்தோடு சரிபார்க்க இந்த வரலாறு காரணமாகிறது.

கடல்முன் மணலில் அடம்பும் இராவணன் மீசையும் முதற்பட்டை. அவை மணலைப் பிடித்து நிறுத்திய பின்னே தாழை. கோடியக்கரையின் பழைய மணல்மேடுகளில் பாலை ஓங்கிய காடு. உவர்ப்பு மிகும் ஓரங்களில் உகாய். மேய்ச்சலும் வெட்டும் மிகுந்த இடங்களில் களா, சங்கஞ்செடி, விடத்தேரை கொண்ட முட்புதர். வெளிமான்கள் மேயும் புல்வெளி இவற்றிலிருந்து வேறானது. அதைக் காட்டின் இடைவெளியாகக் கருதாமல் தனிச் சமுதாயமாகவே எழுத வேண்டும். கொள்ளிடத்தின் அகன்ற மணலில் வெள்ளம் வடிந்ததும் நாணல் பிடிக்கிறது. கரையில் நீர்மருதும் புங்கமும். குளத்தில் ஆழத்துக்கேற்ப வேலம்பாசி, அல்லி அல்லது தாமரை, ஓரத்தில் சம்பு, கோரை என வளையங்களாக அமையும்.

எட்டாம் படி: எல்லையைச் சோதித்தல், பதிவை நிலைப்படுத்தல்

கட்டங்களை நெடுவரிசையிலும் இனங்களைக் கிடைவரிசையிலும் எழுதி, ஒத்த கட்டங்கள் அருகருகே வரும்படி வரிசையை மாற்றி மாற்றி அடுக்குங்கள். ஒரு தொகுதியில் மட்டும் திரும்பத் திரும்ப வந்து மற்றவற்றில் வராத இனங்கள் தென்பட்டால் அத்தொகுதி உண்மையான சமுதாயம். அப்படி எதுவும் தென்படாவிட்டால் நீங்கள் பிரித்த இரண்டும் ஒன்றே, சேர்த்துவிடுங்கள். இரண்டு சமுதாயங்கள் மெல்லக் கலக்கும் இடத்தில் கோடு போடாமல் இடைநிலப் பட்டையாகக் குறிப்பதே உண்மைக்கு நெருக்கமானது.

குழப்பத்தின் அடையாளங்களையும் அதே தாளில் எழுத வேண்டும்: வெட்டிய அடிக்கட்டை, மேய்ச்சல், தீ, ஐக்கார்னியா மூடிய பரப்பு, நெய்வேலிக் காட்டாமணக்கு, சீமைக்கருவேலின் கன்றுகள். 2018 நவம்பர் 16 அன்று கரைகடந்த கஜா புயல் வேதாரண்யம், கோடியக்கரை, முத்துப்பேட்டைப் பகுதிகளின் மரங்களைப் பெருமளவில் சாய்த்தது. அத்தகைய நிகழ்வுக்குப் பின் எடுத்த அளவில் ஓங்கி நிற்பது அந்த நிலத்துக்கு உரிய இனமாக இருக்க வேண்டும் என்பதில்லை. மேலடுக்கு மரங்களின் கன்றுகள் எவ்வளவு உள்ளன என்பதையும் எண்ணி, ‘மீளும் நிலை’ என்ற குறிப்போடு பெயரிடுங்கள்.

ஒவ்வொரு கட்டத்தின் நான்கு மூலைகளுக்கும் ஜி.பி.எஸ். அளவும், நடுவிலிருந்து நான்கு திசையிலும் எடுத்த படமும், அளந்த தேதியும், ஓதநிலை அல்லது ஆற்றில் நீர் ஓடியதா என்ற குறிப்பும், உலர்தாவர மாதிரியின் எண்ணும் ஒரே தாளில் இருக்கட்டும். அதே கட்டத்தை ஐந்தாண்டுக்கு ஒரு முறையும், பெரும்புயலோ பெருவெள்ளமோ வந்தால் அடுத்த கோடையிலும் மறுபடி அளந்து, ஓங்கு இனம் மாறியிருந்தால் பழைய பெயரை அழிக்காமல் புதிய பெயரை அதன் கீழே தேதியுடன் எழுதுங்கள்.